போன் வந்த நேரத்தில் நிரப்பிய தோட்டாக்கள்

கனகசெட்டிக்குளத்தில் இறங்கி, ‘சொல்தா வீடு எது?’ என்று கேட்டால் போதும். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர்கூடத் தலையைத் தூக்காமல் கையைக் காட்டிவிடுவார். ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருவில், நீல கேட் போட்ட வீடு.

புதுச்சேரியின் வடக்கு ஓரத்து ஊர் இது. இங்கிருந்து டவுனுக்கு பஸ் ஏறினால் காலாப்பட்டு தாண்டி, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டுக்குள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, அப்புறம்தான் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய முடியும். அந்த வரைபடமே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான். ‘சொல்தா’ என்ற சொல்லும் அப்படித்தான். பிரெஞ்சு மொழியில் சிப்பாய் என்று அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நீல கேட் வீட்டுத் தாத்தாவின் அப்பா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த ஒரு கையெழுத்தில் மகன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். பேரன் பாரிஸ் பக்கத்துக்காரன் ஆனான்.

தாத்தாவுக்கு இப்போது 77 வயது. பட்டாளத்தில் அவர் அதிக காலம் இருந்தது ஆயுதக் கிடங்கில். துப்பாக்கிகளைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, எண்ணி வைப்பது, எண்ணிக் கொடுப்பது. அந்தக் காலத்தில் அதிகாரிகள் இடுப்பில் இருந்தது 1950ஆம் வருட மாடல் பிஸ்டல். 9 மில்லிமீட்டர் தோட்டா, மேகஸினில் 9 போடலாம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆனால் ஊருக்கு வந்த பிறகு துப்பாக்கியைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஜூலை 14 அன்று மெடலைக் குத்திக்கொண்டு பீச் ரோட்டில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போய் வருவதோடு சரி.

பேசவைத்தது பேரன்தான்.

பேரனுக்கு 34 வயது. பாரிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. மனைவி, ஒரு பெண் குழந்தை. இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்கிறவர் ஒருவர் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அழைத்துப்போக, அதில் பிடிப்பு வந்துவிட்டது. சனிக்கிழமையானால் கிளப். அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு. கிளப் உறுப்பினர் அட்டை, மருத்துவச் சான்று, அரசாங்க அனுமதி, வீட்டில் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி எல்லாம் இருந்தால்தான் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியும். பேரன் எல்லாவற்றையும் முறையாகச் செய்துதான் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வாங்கினான். செமி ஆட்டோமேட்டிக் வகை. அதாவது விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே உள்ளே தள்ளிக்கொள்ளும்.

செலவுதான் கட்டுப்படியாகவில்லை. ஒரு சனிக்கிழமைக்கு நூறு தோட்டா ஓடிவிடும். அதனால் கிளப்பில் பலர் செய்வதையே அவனும் செய்ய ஆரம்பித்தான். சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, வீட்டில் மறுபடி நிரப்புவது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ராத்திரி 9 மணிக்குத் தாத்தா வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். குளிர்காலத்தில் அங்கே அப்போது சாயங்காலம் நாலரை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பேச்சு வந்தது.

“போன வாரம் பேசும்போது பின்னாடி கடக் கடக்னு ஏதோ சத்தம் வந்துச்சே, இன்னாடா அது?”

“அதுவா தாத்தா... கீழ் ரூம்ல தோட்டா ரொப்பிக்கிட்டிருந்தேன்.”

“என்கூடப் பேசிக்கிட்டேவா?”

பேரன் உடனே பதில் சொல்லவில்லை. போனில் படம் உறைந்துவிட்டதோ என்று தாத்தா திரையைத் தட்டிப் பார்த்தார். உறையவில்லை. பேரன்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த மௌனத்துக்குக் காரணம் புரிய வேண்டும் என்றால், தோட்டா என்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சினிமாவில் தோட்டா, குண்டு எல்லாம் ஒன்றுதான். உண்மையில் ஒரு தோட்டாவில் நான்கு பொருள் உண்டு. வெளியே தெரியும் பித்தளைக் கூடு. அதன் அடிப்பாகத்தில் பொட்டு மாதிரி பதித்திருக்கும் பிரைமர். அடி விழுந்தால் தீப்பொறி தருவது இதுதான். கூட்டுக்குள் வெடிமருந்து. வாயில் செருகியிருக்கும் குண்டு. விசையை அழுத்தினால் ஊசி பிரைமரில் அடிக்கும், மருந்து எரியும், அந்த வாயு குண்டைக் குழல் வழியாகத் தள்ளிவிடும். பித்தளைக் கூடு மட்டும் காலியாக வெளியே வந்து விழும்.

நான்கில் பித்தளைக் கூட்டுக்குத்தான் விலை அதிகம். அது ஒரு முறை சுட்டதும் வீணாகிவிடுவதில்லை. பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டைச் சுத்தம் செய்து, வீங்கிய உடம்பை அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்து, மருந்து போட்டு, குண்டை அழுத்தி மூடினால் மறுபடி தோட்டா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கானவர்கள் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்த தோட்டா, கம்பெனித் தோட்டாவுக்குக் குறைந்ததில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் சிலர் தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி மருந்தை அளந்து, கம்பெனித் தோட்டாவைவிடத் துல்லியமாகவே செய்துகொள்வார்கள்.

எல்லாம் அந்த ‘ஒழுங்காக’ என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு 9 மி.மீ. தோட்டாவுக்குள் போகும் மருந்து ஏறக்குறைய ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய எடை. அவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் அழுத்தம் சுமார் 1 பார். இந்தத் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதிப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 2,350 பார். இரண்டாயிரம் குக்கருக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம். அது உள்ளங்கையிலிருந்து சில அங்குல தூரத்தில், கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது.

பிரான்ஸ் போன்ற நாடுகளில் ஒரு கைத்துப்பாக்கி கடைக்கு வருவதற்கு முன் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலையில் சுட்டுப் பார்க்கிறார்கள். சாதாரணத் தோட்டாவில் அல்ல. உச்ச அழுத்தத்தைவிட 30 சதவிகிதம் கூடுதல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவில். அதைத் தாங்கினால்தான் முத்திரை. அந்த 30 சதவிகிதம்தான் கையில் இருக்கும் சேமிப்பு. தவறுதலாக ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்துவிட்டால், அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது. அதற்கும் மேலே தாவும். சேமிப்பு ஒரே நொடியில் காலி.

இரண்டு முறை போட்டால் கூடு வழிந்துவிடாதா, கண்ணில் தெரியாதா? வழியாது. அதுதான் சிக்கல். வேகமாக எரியும் சில மருந்துகள் கூட்டில் பாதி இடத்தைக்கூட அடைப்பதில்லை. இரண்டு அளவு போட்டாலும் மேலே குண்டு வைக்க இடம் இருக்கும். மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலத்தான் மின்னும்.

பேரனிடம் இருந்தது ஒரு சின்ன மெஷின். வட்டத் தட்டில் கூடுகள் நிற்கும். கைப்பிடியை இழுத்தால் ஒரு கூட்டில் மருந்து விழும். பிறகு தட்டைக் கையால் ஒரு நிலை திருப்ப வேண்டும். இழு, திருப்பு, உள்ளே எட்டிப் பார், குண்டை வை. இழு, திருப்பு, பார், வை. தாளம் தப்பாத வரைக்கும் பிரச்னை இல்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால்? திரும்பி வந்து உட்காரும்போது, இழுத்தோமா இல்லையா, திருப்பினோமா இல்லையா என்பது ஞாபகத்தில் இருக்காது. திருப்பாமல் மறுபடி இழுத்தால், ஒரே கூட்டில் இரண்டு மடங்கு மருந்து. இழுக்காமல் திருப்பினால், மருந்தே இல்லாத தோட்டா.

போன ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குத் தாத்தாவின் அழைப்பு வந்தபோது, பேரன் போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே வேலையைத் தொடர்ந்திருக்கிறான். ஆயா நெத்திலிக் கருவாடு காயவைத்ததைச் சொன்னார். தாத்தா காலாப்பட்டில் பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுத்த கதையைச் சொன்னார். குழந்தை வந்து நடுவில் பாட்டுப் பாடியது. அந்த இருபது நிமிஷத்தில் ஒரு டப்பா நிறைந்தது. ஐம்பது தோட்டா.

“அந்த டப்பா இப்ப எங்க?” என்றார் தாத்தா.

பேரன் மெதுவாகச் சொன்னான். “ஃப்ரெண்ட்கிட்ட தாத்தா. அவன்கிட்ட தோட்டா தீந்துபோச்சுன்னு கேட்டான். வியாழக்கெழம குடுத்தேன்.”

“சுட்டுட்டானா?”

“நேத்து கிளப்ல கொஞ்சம் சுட்டானாம். பன்னெண்டோ என்னமோ.”

தாத்தா கோபப்படவில்லை. பட்டாளத்தில் கோபப்பட்டவர்கள் எண்ணிக்கையைத் தவறவிட்டதைப் பார்த்தவர் அவர். “போன வை. மொதல்ல அவனுக்குப் பேசு. மிச்சத்தைத் தொடக் கூடாதுன்னு சொல்லு. அப்புறம் எனக்குக் கூப்பிடு. எத்தன மணியானாலும் முழிச்சிருப்பேன்” என்றார்.

அன்று ராத்திரி தாத்தா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஆயா வந்து இரண்டு முறை கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். தாத்தாவுக்குப் பட்டாளத்துக் கிடங்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கே தோட்டாப் பெட்டி ஒவ்வொன்றிலும் தயாரிப்பு எண் இருக்கும். ஒரு தோட்டாவில் கோளாறு என்றால் அந்த எண் போட்ட பெட்டிகள் எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிடுவார்கள். தோட்டா செய்யும் தொழிற்சாலைகளிலும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சுட்டு, அழுத்தம் அளந்து பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். நீலகிரியில் அருவங்காட்டில் 1904லிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. மலை ரயிலில் குன்னூரைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பார்; அதை மூன்றாமவர் சரிபார்ப்பார். வீட்டு மேஜையில் செய்பவரும் அவனே, சரிபார்ப்பவரும் அவனே. அவன் கவனம் சிதறினால் பிடிக்க வேறு ஆள் கிடையாது.

இன்னொரு ஞாபகமும் அவருக்கு உண்டு. இதைப் பிறகு பேரனிடமே சொன்னார். சின்ன வயதில் மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரிக்குப் பறவை வேட்டைக்கு வரும் நரிக்குறவர்களைப் பார்த்திருக்கிறார். அவர்களிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி இடித்தால்தான் ஒரு சுடு. சுற்றி நிற்கும் பையன்கள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வார். ஆனால் மருந்துக் குடுவையைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். குடுவையை மூடி இடுப்பில் செருகிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

ராத்திரி பதினொன்றரைக்குப் பேரன் கூப்பிட்டான். நண்பர் முதலில் சிரித்தாராம். பன்னிரண்டும் ஒழுங்காகத்தான் போயின, நீ எவ்வளவு சுத்தமாகச் செய்பவன் என்று எனக்குத் தெரியாதா, என்றாராம். பேரன் விடவில்லை. அரை மணி நேரம் கார் ஓட்டிப்போய் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“எடை போட்டுப் பாக்கவா தாத்தா?”

அது உதவாது. கூடுகள் வெவ்வேறு கம்பெனிகளுடையவை. ஒரு கூட்டுக்கும் இன்னொரு கூட்டுக்கும் இருக்கும் எடை வித்தியாசமே உள்ளே இருக்கும் மருந்தின் எடை அளவுக்கு வந்துவிடலாம். தராசு சரி என்று சொன்னாலும் நம்ப முடியாது. காதருகே ஆட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். ஒரே வழி, எல்லாவற்றையும் பிரிப்பது. அதற்கென்று சுத்தியல் போல ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி, தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் தனியாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு தட்டு. 38 தோட்டாவுக்கு ஒரு முழு சாயங்காலம்.

புதன்கிழமை ராத்திரி ஒரு போட்டோ வந்தது. வெள்ளைப் பேப்பரில் வரிசையாக 37 சின்னக் குவியல்கள். சாம்பல் நிற மருந்து, மிளகுப்பொடி தூவிய மாதிரி. மூன்றாவது வரிசையில் ஒரு இடம் மட்டும் வெறும் பேப்பர்.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது ஏன் காலியா கெடக்குது?”

“அதுல மருந்தே இல்ல.”

“மருந்து இல்லன்னா நல்லதுதான? வெடிக்காதுல்ல?”

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். தாத்தா ஆயாவுக்குச் சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மருந்து இல்லாவிட்டாலும் பிரைமர் இருக்கிறது. விசையை அழுத்தினால் அது பொட்டென்று பொரியும். அந்தச் சின்ன வேகம் குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிவிடப் போதும். குழலை விட்டு வெளியேற்றப் போதாது. குண்டு குழலுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு நின்றுவிடும். சத்தமும் ‘டப்’ என்று வராது. நமத்துப்போன பட்டாசு மாதிரி ‘புஸ்’ என்று போகும். இதுவரைக்கும் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து அடுத்த தோட்டாவில் இருக்கிறது. குழல் அடைத்திருக்கும்போது பின்னாலிருந்து இன்னொரு குண்டு முழு வேகத்தில் வந்து மோதும். குழல் வீங்கும், சில நேரம் பிளக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம் என்பதற்குக் காரணம் பயிற்சிதான். சுட்ட வேகத்தில் மேலே இருக்கும் ஸ்லைடு தானாகப் பின்னால் போய், காலிக் கூட்டை வீசிவிட்டு, மேகஸினிலிருந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ள வேண்டும். மருந்தில்லாத தோட்டாவில் அதற்கு வேகம் இருக்காது; ஸ்லைடு அசையாது. துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று சுடுகிறவர் நினைப்பார். சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குப் பழக்கம் இருக்கிறது: மேகஸினை அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஒரு இழு, மறுபடி சுடு. ஒன்றரை நொடி வேலை. போட்டிக்காக எத்தனையோ நாள் பழகிய அந்த வேகமே அன்றைக்கு எதிரியாகிவிடும். மருந்து மிகக் குறைவாக விழுந்த தோட்டா இன்னும் மோசம். குண்டு குழலில் நின்றாலும் ஸ்லைடு சில நேரம் அரைகுறையாக ஓடி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிவிடும்.

ஆயா கொஞ்ச நேரம் அந்த வெறும் பேப்பரையே பார்த்தார். “அந்தப் பையனுக்குக் கொழந்த இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். நண்பருக்கு இரண்டு குழந்தைகள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் தாத்தாவும் பேரனும் துப்பாக்கியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதற்கு முன் எதைப் பற்றியும் பேசியதில்லை. பேரன் புத்தகத்தில் படித்ததைச் சொல்வான். தாத்தா கிடங்கில் பார்த்ததைச் சொல்வார். இரண்டும் பல இடத்தில் ஒன்றாகவே வந்து நின்றன.

சத்தமோ, கையில் வரும் உதையோ கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கி முனையைப் பத்திரமான திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். சில நேரம் மருந்து தாமதமாகப் பற்றும். பிறகு தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்து, துப்பாக்கியைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியவில்லை என்றால் அன்றைய சுடுதல் முடிந்தது. தீபாவளிக்கு வெடிக்காத பட்டாசை எட்டிப் பார்க்காதே என்று குழந்தைகளுக்குச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்துதான் இருக்க வேண்டும். இரண்டு டப்பா பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது கை மாறும். இரண்டு மடங்கு போட்டால் கூடு வழிந்துவிடும்படியான மருந்தாகப் பார்த்து எடுத்துக்கொள்வது நல்லது. தவறு கண்ணில் பட்டுவிடும். குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். வேலை நடுவில் நின்றுபோனால், எந்த இடத்தில் நின்றோம் என்று யோசிக்கக் கூடாது. தட்டில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டாவின் மொத்த நீளமும் முக்கியம். குண்டு அளவுக்கு மேல் உள்ளே அமுங்கியிருந்தால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டா மேகஸினிலிருந்து மேலேறும்போது, குண்டின் மூக்கு குழலின் வாசல் சரிவில் மோதித்தான் உள்ளே போகிறது. குண்டைப் பிடித்திருக்கும் பித்தளை வாய் இறுக்கமாக இல்லை என்றால் அந்த மோதலிலேயே குண்டு உள்ளே நழுவும். ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்திருந்தாலும் இது நடக்கும், கம்பெனித் தோட்டாவுக்கும்தான்.

துப்பாக்கிக் கம்பெனிகள் பல, தங்கள் கையேட்டிலேயே மறுநிரப்பிய தோட்டாவைப் போடாதீர்கள், போட்டால் உத்தரவாதம் கிடையாது என்று அச்சடித்துவிடுகின்றன. வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று கிளப்பில் சிரிப்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கம்பெனிக்கும் வீட்டில் நிரப்பியவர் அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கினாரா, குழந்தைக்குக் காய்ச்சலா, ஊரிலிருந்து போன் வந்ததா என்பது தெரியாது. அவர்கள் வேறு எப்படி எழுத முடியும்?

தாத்தா அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று. “நீ ரொப்புனத நீ சுடு. அடுத்தவனுக்குக் குடுக்காத. அடுத்தவன் ரொப்புனத நீயும் தொடாத.” அனுபவம் உள்ளவர்கள் எல்லா நாட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். தன் தோட்டாவைச் சுடுகிறவனுக்குத் தான் எந்த நாளில் எப்படிச் செய்தோம் என்ற ஞாபகமாவது இருக்கும். சந்தேகம் வந்தால் நிறுத்துவான். நண்பனின் தோட்டாவைச் சுடுகிறவன் நண்பன்மேல் இருக்கும் நம்பிக்கையில் சுடுகிறான். சந்தேகப்படுவதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறான். அந்த நண்பர் பன்னிரண்டு முறை அப்படித்தான் சுட்டார்.

நம் ஊரில் இப்படி ஒரு பொழுதுபோக்கு சாதாரணமானதில்லை. இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத ரகம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். போலீஸ், ராணுவப் பயிற்சியில்கூட எத்தனை சுட்டார்களோ அத்தனை காலிக் கூடுகளையும் எண்ணித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு, ஒரு கூடு குறைந்தது என்று எல்லோரும் குனிந்து புல்லைத் துழாவிய ஞாபகம் இருக்கும்.

பேரனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்த மருந்தில்லாத தோட்டாவின் கூட்டையும் குண்டையும் தாத்தாவுக்கு ஞாபகார்த்தமாகக் கொண்டுவரப்போவதாகச் சொன்னான். தாத்தா பதறிவிட்டார். “வேணாம்டா ராசா. சென்னை ஏர்போர்ட்ல பையை ஸ்கேன் பண்ணுவான். நீ வெளிய வர்றதுக்குள்ள பொங்கல் போயிடும்.” பையின் மூலையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் விமானத்தைத் தவறவிட்டு, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் துப்பாக்கி கிளப்புக்குப் போகும் பிள்ளைகள், ஊருக்கு வரும்போது அந்தப் பையையே எடுத்து வராமல் இருப்பது உத்தமம்.

பொங்கலுக்குப் பேரன் குடும்பத்தோடு வந்தான். வெறும் கையோடு அல்ல. சாக்லேட், ஆயாவுக்குக் கம்பளிச் சட்டை. மூன்றாம் நாள் சாயங்காலம் தாத்தாவும் அவனும் கடற்கரையில் படகு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் பேரன், இவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டான். “நீங்க போன் பண்ணதாலதான் இப்படி ஆச்சுன்னு உங்களுக்குத் தோணிச்சா தாத்தா?”

தாத்தா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “தோணிச்சு. ஆனா நான் பண்ணலன்னா உங்க வீட்டுக் குட்டி கூப்பிட்டிருக்கும். இல்லன்னா காலிங் பெல் அடிச்சிருக்கும். கூப்பிடுறவங்க மேல தப்பு இல்லடா. மருந்தக் கையில வச்சிக்கிட்டு பதில் சொன்ன பாரு, அதுதான்.”

பேரன் ஊருக்குத் திரும்பியதும் மெஷின் இருக்கும் அறைக்கு ஒரு விதி போட்டுக்கொண்டான். போன் மேல் மாடியில். கதவு உள்பக்கம் தாழ். ஒரு தடவைக்கு ஐம்பதுக்கு மேல் இல்லை. டப்பாவின் மேல் தேதி, மருந்தின் பெயர், எடை. தாத்தாவின் கிடங்கில் இருந்த மாதிரி ஒரு எண். நண்பர் இப்போது கடையில் வாங்குகிறார். நட்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

கனகசெட்டிக்குளத்தில் மாறியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்குத் தாத்தா போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். மணி பத்து ஆனாலும் அவராகக் கூப்பிடுவதில்லை. வேலையை முடித்து, கை கழுவி, மேலே ஏறி வந்து பேரனே கூப்பிடுகிறான்.